வாசித்தவர் தெரியாதவர்

என் கணவருக்குக் கண் தெரியாது. எனக்குக் குரல் இல்லை. இதைச் சொன்னவுடனே ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "ஐயோ பாவம்" என்பார்கள். ஒரு பாவமும் இல்லை. நான் முறைத்தால் அவருக்குத் தெரியாது, அவர் எரிச்சலூட்டினால் என்னால் கத்த முடியாது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

அவருடைய பார்வை மெல்ல மெல்லப் போனது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள், துளிமருந்து விட்டோம், கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. என் குரல் ஒரே நாளில் போனது. கழுத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். குரல் நரம்பு சோர்ந்துபோகக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள், ஒருவரையும் குறைசொல்ல முடியாது. மயக்கம் தெளிந்து "தண்ணி" என்று கேட்டேன், காற்றுத்தான் வந்தது. இரண்டு வருடமாக அந்தக் காற்றுத்தான் என் பேச்சு. காதோடு காதாகச் சொன்னால் கேட்கும், ஒரு முழம் தள்ளி நின்றால் கேட்காது. ஒருகாலத்தில் நான் கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் சந்தியில் நிற்கும் இவர் திரும்பிப் பார்ப்பார் என்று எங்கள் ஊர் கரவெட்டி முழுக்கப் பகிடி பண்ணுவார்கள்.

நல்லகாலம், குரல் இருந்தபோதே ஒரு வேலை செய்துவைத்திருந்தேன். அவருக்கு எழுத்து மங்கத் தொடங்கியதிலிருந்து கதைப்புத்தகங்களை உரக்க வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தேன். அத்தியாயத்துக்கு ஒரு பதிவாக நாற்பத்தொரு புத்தகம். அவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகக் கோவைகளுக்கு இலக்கம் போட்டு அடுக்கியே ஓய்வுபெற்றவர். ஓரளவு கண் தெரிந்த காலத்தில் தன்னுடைய நாதஸ்வர, தவில் பதிவுகளையும் என் வாசிப்புகளையும் கணினியில் ஒரு மென்பொருளுக்குள் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விபரச்சீட்டு எழுதினார். அந்தச் சீட்டில் 'கலைஞர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீர் கலைஞரோ? நீர் வாசிக்கிறனீர்," என்றார்.

"அப்ப நாதஸ்வரக்காரர்?" என்று கேட்டேன். அப்போது குரல் இருந்ததால் கொஞ்சம் பலமாகவே கேட்டேன்.

"அவரும் வாசிக்கிறவர்தானே. புத்தகமும் வாசிப்பு, நாதஸ்வரமும் வாசிப்பு. ரெண்டுக்கும் ஒரு கட்டம் காணும்."

இப்படித்தான் 'வாசித்தவர்' என்று தன் கையாலேயே ஒரு புதுக் கட்டத்தை உண்டாக்கினார். உலகத்தில் வேறெந்த மென்பொருளுக்கும் அப்படி ஒரு கட்டம் தெரியாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தலைப்புக்கு வெறும் இலக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று. தொகுப்பு என்ற கட்டத்தில் பதிவுசெய்த இடம். கோயில் மேளங்களுக்கு ஊரும் ஆண்டும் போட்டார். நான் வாசித்த எல்லாவற்றுக்கும் 'வீடு' என்று போட்டார். மகளின் கல்யாணமும் வீட்டுப் பந்தலில் நடந்தபடியால் அந்த மேளமும் 'வீடு'தான். புத்தகத்தின் பெயரை மட்டும் கடைசியில் கிடந்த 'குறிப்பு' என்ற கட்டத்துக்குள் திணித்தார். ஏன் என்று கேட்டால் அதுதான் கந்தோர் முறையாம்.

என் குரல் போன பிறகு அவர் அந்தப் பதிவுகளைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். விசைப்பலகையில் ஒரு விசைக்கு மேல் புளியங்கொட்டை ஒட்டிக் கொடுத்திருந்தேன். காலையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அதைத் தடவி அமத்துவார். என் பழைய குரல் கணீரென்று எழும்பும். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய், குனிந்து, காதுக்குள் "தேத்தண்ணி" என்பேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுப்பார்.

"பொறும், இவ முடிக்கட்டும்."

இவவாம்! யார் இவ? தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து நிற்கிறவள் நான், ஆனால் மரியாதை முழுக்கப் பெட்டிக்குள் இருந்து கதைக்கிற மனிசிக்கு. சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அவளில் பொறாமை வந்தது. மற்றப் பெண்களுக்கு வேறு பெண்களில் பொறாமை வரும், எனக்கு என்னிலேயே வந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன், "உங்களுக்கு நான் தேவையோ, இந்தப் பெட்டி தேவையோ?" என்று. பாதிக் காற்றுக் காதுக்கு வெளியே போய்விட்டதாக்கும், "பெட்டியைத் துடைக்கவேணும்தான்" என்றார்.

போன மாரியில் ஒரு மத்தியானம் இடி விழுந்து கணினி கருகியது. பதிவுகள் இருந்த டிஸ்க் மட்டும் தப்பியது. நெல்லியடிக் கணினிக் கடைக்காரர் அதைப் புதுக் கணினிக்குள் பூட்டித் தந்தார். பழைய மென்பொருள் இதில் ஓடாதாம், புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் அதுவே இழுத்தெடுக்கும், தமிழிலேயே கேள்வி கேட்கும் என்றார். இருப்பது அந்த ஒரே பிரதி, கவனம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இவருடைய முகம் அன்று முழுக்கப் பேயறைந்த மாதிரி இருந்தது. எத்தனையோ மேளப் பதிவுகள் கிடக்க, அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "உம்மடை வாசிப்பு எல்லாம் வருமோ?"

அடுத்தநாள் காலையில் இடமாற்றத்தைத் தொடங்கினோம். கணினி மூலையில், சாய்மனைக் கதிரை விறாந்தை வாசலில். திரை கேட்கிற கேள்வியை நான் படிக்கவேண்டும், நடந்துபோய் அவருடைய காதுக்குள் சொல்லவேண்டும், அவர் யோசித்துச் சொல்கிற பதிலோடு திரும்பி வரவேண்டும். வந்து பார்த்தால் திரை உறங்கிக் கிடக்கும். கதிரையைக் கிட்டப் போடுங்கோ என்றால், அங்கே காற்று வராது என்று மாட்டேன் என்றார். அன்று நான் நடந்த நடைக்குப் பக்கத்து ஊர் உடுப்பிட்டிக்குப் போய் வந்திருக்கலாம்.

"நூலகத்தை இறக்குமதி செய்யவா?" என்று முதல் கேள்வி. போய்ச் சொன்னேன்.

"இறக்குமதியோ? இஞ்சை கிடக்கிற சாமானை எங்கையிருந்து இறக்கிறது? கப்பலோ வருது? இல்லை எண்டு அமத்தும்."

இல்லை என்று அமத்தினேன். மென்பொருள் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து, இந்தமுறை அவரைக் கேட்காமலே ஆம் என்றேன். கொஞ்ச நேரம் ஏதோ சுழன்றது. பிறகு அடுத்த கேள்வி: "'வாசித்தவர்' என்னும் புலம் அடையாளம் காணப்படவில்லை. புறக்கணிக்கவா?" மூச்சு வாங்க நடந்துபோய்ச் சொன்னேன். அவர் காதில் புலம் என்ற சொல்தான் விழுந்தது.

"புலத்து ஆக்களைப் பற்றியோ? அவையள் வெளிநாட்டிலை இருந்துகொண்டு எங்கடை விசயத்திலை ஏன் தலைபோடினம்? புறக்கணியும், புறக்கணியும்!"

புலம் என்றால் எங்களுக்குக் கனடா, லண்டன்தான். கட்டத்துக்கும் புலம் என்று பெயர் வைப்பார்கள் என்று யார் கண்டது? புறக்கணித்தேன். நான், நாதஸ்வர வித்துவான்கள், தவில்காரர்கள் எல்லோருடைய பெயரும் ஒரே அடியில் அழிந்து, வரிசை வரிசையாக 'கலைஞர்: தெரியாதவர்' என்று வந்தது. அது பிழை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெண்கள் பெயரை யார்தான் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

மத்தியானமாகிவிட்டது. சோறு வைக்கவில்லை, கால் விண்விண் என்று வலித்தது. அடுத்த கேள்வியோடு போய்க் குனிந்தபோது அவர் சலித்துக்கொண்டார்.

"என்னப்பா இழுபடுறீர். பழைய குரலெண்டால் அங்கையிருந்தே சொல்லியிருப்பீர்."

எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறியது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். திரையில் கேள்வி காத்திருந்தது: "ஒரே மாதிரியானவை பல உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அகற்றவா?" அவர் அந்த ஒரே டிஸ்க்குக்குள்ளேயே எதையும் மூன்று மூன்றாகப் பிரதிபண்ணி வைக்கிற ஆள்தானே, கோதாரி, போகட்டும் என்று ஆம் என்றேன். "நிரந்தரமாகவா?" என்றது. ஆம். "வெற்றிடத்தை ஒழுங்குபடுத்தவா?" என்றது. ஆம், ஆம்! "உங்கள் நூலகம் இப்போது தூய்மையாக உள்ளது" என்று வந்தபோது வீடு கூட்டி முடித்த திருப்தியோடு எழும்பிப் போய் அடுப்பை மூட்டினேன்.

மறுநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் இருந்த மனிசி வாசிக்கத் தொடங்கினாள். முதலாம் அத்தியாயம்: ஒரு இளவரசன் கோட்டைச் சுவரால் குதித்துக் குதிரையில் ஏறித் தப்புகிறான். இரண்டாம் அத்தியாயம்: கொழும்பு றெயினில் போகிற ஒரு கிளாக்கருக்குப் பல்லுக் கொதி, வலியில் கன்னத்தைப் பொத்துகிறார். எனக்குத் துருவுகிற கை நின்றுவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் சந்தையில் பூசணிக்காய் விற்றாள்.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். ஒரே இலக்கம், ஒரே 'வீடு', ஒரே தெரியாதவர் என்று கண்டதையெல்லாம் அது ஒரே சாமான் என்று எண்ணியிருக்கிறது. குறிப்புக் கட்டத்துக்குள் கிடந்த புத்தகப் பெயரை அது பார்க்கவே இல்லை. நாற்பத்தொரு முதலாம் அத்தியாயத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பதை எறிந்துவிட்டது. இரண்டிலும் அப்படி, மூன்றிலும் அப்படி. ஆண்டு போட்டிருந்த கோயில் மேளம் ஒன்றுகூடக் குறையவில்லை. என் குரலில் மிஞ்சியது அறுபத்தொரு அத்தியாயம். பதினாலாவது இலக்கத்துக்கு அதுவும் இல்லை, அதே இலக்கம் போட்டிருந்த மகளின் கல்யாண மேளம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் குசுகுசுக்க அவர் "ஹலோ, ஹலோ, ஆர்?" என்று நாலுதரம் கத்திவிட்டு வைத்துவிட்டார். பிறகு எழுதி அனுப்பினேன். நேரிலேயே வந்தார், இரண்டு மணித்தியாலம் தட்டினார். "வெறும் இடத்தை ஒழுங்குபடுத்தாமல் விட்டிருந்தாலாவது எடுத்திருக்கலாம் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? கணினி வடிவாக வேலைசெய்யுதோ என்று பார்க்க வந்தவர் என்று சொன்னேன். எப்படியும் இவர் பாதி அத்தியாயத்திலேயே குறட்டை விடுகிற ஆள், கதை எங்கே போகிறது என்று எந்தக் காலத்தில் கவனித்தார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் நெருப்பாக எரிந்தது. அவருக்கு நாளும் பொழுதும் துணையாக இருந்த குரலை நான்தான் தின்றேன்.

இரண்டு நாள் கழித்து முன்வீட்டு மாஸ்டர் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், ஊர் வாசிகசாலைக்குத் தலைவர், எதற்கும் கருத்துச் சொல்கிறவர். தேத்தண்ணிக்கு வந்தவர் இவரிடம் முன்கதையை விசாரித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு டொக்டர் காய்ச்சலில் செத்தார். செத்த கையோடு பதினாலில் கெட்டிமேளம் முழங்கியது.

"ஐசே!" என்று மாஸ்டர் தொடையில் தட்டினார். "சாவுக்குப் பிறகு ஒரு வசனமும் இல்லை, வெறும் மேளம். உது பெரிய எழுத்து ஐசே! முதல் வந்த இளவரசன்ரை மறுபிறப்புத்தான் அந்தப் பல்லுக்கொதிக்காரன். விளங்குதோ? குதிரையை விட்டிட்டு றெயினிலை போறான்."

"ஓமோம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது," என்றார் என் கணவர்.

அன்றிலிருந்து மாஸ்டர் ஒவ்வொரு நாளும் வந்தார். பூசணிக்காய் என்பது மண் என்றார். கொலைகாரனைத் தேடிய பொலிஸ்காரர் அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போனதற்குப் பெயர் மௌனம் என்றார். கடைசிப் பத்து அத்தியாயமும் ஒழுங்காக ஒரே சீராகப் போயின, ஏனென்றால் அவ்வளவு நீளத்துக்கு எழுதிய ஆள் ஒருவர்தான். அந்த இடம்தான் சோர்வு, ஆசிரியர் வாசகருக்குப் பயந்துவிட்டார் என்று மாஸ்டர் கவலைப்பட்டார். ஆசிரியர் பெயர் என்ன தங்கச்சி என்று என்னைக் கேட்டார். மட்டை கிழிந்துபோச்சு, தெரியாது என்று காதுக்குள் சொன்னேன். கேட்டிருக்கக் கூடாது, சொல்லியிருக்கவும் கூடாது. பெயர் தெரியாத ஆசிரியரின் நாவலுக்கு வாசிகசாலையில் ஆய்வுக்கூட்டம் என்று மறுகிழமை மதிலில் நோட்டீஸ் ஒட்டினார்.

கூட்டத்துக்கு முப்பது பேராவது வந்தார்கள். மாஸ்டர் ஒரு மணித்தியாலம் பேசினார். பிறகு சபையோர் கருத்து. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எழும்பி, இந்த நாவலைத் தான் இளமையிலேயே வாசித்ததாகவும், முதற்பதிப்பில் பூசணிக்காய்ப் பகுதி இன்னும் விரிவாக இருந்ததாகவும் சொன்னார். இன்னொருவர் தன்னிடம் ஒரு பிரதி இருந்தது, சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்டது என்று கண் கலங்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய பிரதியும் அப்படித்தான் போனது என்றார். அப்போது மாஸ்டர் என் கணவரை எழும்பச் சொன்னார்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றார் இவர். "வாசிச்சவ என்ரை மனிசி. அவ சொல்லட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மறுக்கவும் குரல் இல்லை, ஓடவும் வழி இல்லை. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தேன், முகத்தில் வியர்வை வழிந்தது.

"இப்பிடி ஒரு புத்தகம் இல்லை," என்றேன்.

நான் திடுக்கிட்டுப்போனேன். கூரையில் இருந்து, சுவரில் இருந்து, எல்லாப் பக்கமும் என் காற்றுக் குரல் கேட்டது. கரகரவென்று, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு மண்டபம் முழுக்க நான் கேட்டேன்.

"நான் பிழையா அமத்திப்போட்டன். நாற்பத்தொரு புத்தகத்தின்ரை துண்டுகள்தான் இது. மிச்சம் எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அந்த அதிபர் எழும்பி, "எந்த நாவலும் மற்ற நாவல்களின்ரை துண்டுதான் எண்டு அம்மா எவ்வளவு நுட்பமாச் சொல்லிப்போட்டா!" என்று கை தட்டத் தொடங்கினார். எல்லோரும் தட்டினார்கள். மாஸ்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் விசர் பிடித்தவள் மாதிரி நின்றேன். என் கணவர் மட்டும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க என் தோளில் கை வைத்து நடந்து வந்தார். விறாந்தையில் இருந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ரெண்டாம் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரியும். பல்லுக்கொதி வேறை புத்தகம்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?" என்று காதுக்குள் சீறினேன். "ஒரு மாசமா நான் செத்துச் செத்துப் பிழைச்சனான்!"

"நீர் வேணுமெண்டு அழிச்சனீர் எண்டு நினைச்சன். அவவிலை உமக்குக் கோவம் எண்டு தெரியும். கேட்டால் மிச்சத்தையும் அழிச்சுப்போடுவீர் எண்டு பயமாயிருந்தது."

இப்படி ஒரு பயத்தை மனதில் வைத்துக்கொண்டா இந்த மனிதர் ஒவ்வொரு காலையும் ஓமோம் என்று மாஸ்டருக்குத் தலையாட்டினார்? எனக்கு அழுகை வந்தது. வேணுமெண்டு செய்யேல்லை என்று சத்தியம் பண்ணினேன். பண்ணும்போதே, அந்த 'ஆம்' என்பதை அமத்திய விரலில் கோபம் இருந்தது உண்மைதானே என்று உள்ளே ஒன்று கேட்டது. அதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு மைக்கிலை உம்மடை குரல் வடிவாக் கேட்டது," என்றார் பிறகு. "அந்த இளவரசன் குதிரையிலை ஏறினபிறகு என்ன நடந்தது? புத்தகம் இருக்குதெல்லே, வாசியும்."

"இந்தக் கரகரப்பிலையோ? உங்களுக்கென்ன விசரே?"

"இருக்கிற குரலிலை வாசியும்."

மாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். மூன்றாம் நாள் மாஸ்டரிடம் வாசிகசாலை மைக்கை இரவல் வாங்கி, கணினியில் பூட்டி, உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தை வாசித்தேன். நாலு வரிக்கு ஒருதரம் தண்ணீர் குடித்தேன். இவர் காற்றும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதிரையை இழுத்து வந்து என் முழங்காலோடு முட்டப் போட்டுக்கொண்டார். முடித்து, புத்தகத்தின் பெயரைத் தலைப்பிலேயே எழுதி, கலைஞர் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். வாசிக்க முந்தியே, மிஞ்சிய பழையவற்றுக்கும் அதே பெயரைப் போட்டிருந்தேன். உடனே மென்பொருள் ஒரு கேள்வியைத் தூக்கிப் பிடித்தது.

இந்தமுறை அமத்த எனக்குத் துணிவு வரவில்லை. இந்தப் பெயரில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார் என்று அது சொன்னது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

"என்னவாம்?" என்றார்.

அவருடைய காதுக்குக் குனிந்தேன். "பழைய குரலும் இந்தக் குரலும் ஒரே ஆளோ எண்டு கேக்குது."

"உதென்ன கேள்வி?" என்றார் எரிச்சலோடு. "ஓம் எண்டு அமத்தும்."